மீன் குளத்துக்குப் போட்ட உரம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பா வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டினார்.
2. கட்டிக் கொடுத்தவர் அதில் கோய் என்ற ஜப்பானிய அலங்கார மீன்களை விட்டார்.
3. அப்பா அதில் தாமரை வைத்தார்.
4. தாமரை குளத்தை மூடியது. பூக்கவில்லை.
5. அண்ணனுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த குடும்பம், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னது.
6. அதற்குள் பூக்க வேண்டும் என்று சித்தப்பா குளத்துக்கு உரம் போட்டார்.
7. வெள்ளிக்கிழமை காலையில் மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்துகொண்டு நின்றன.

எண் போட்டு எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். சித்தப்பா சொல்லும்போது ஏழாவது இருக்காது. அப்பா ஏழாவதையும் தாண்டி, அதற்குப் பிறகு நடந்ததிலிருந்து ஆரம்பிப்பார். அண்ணனுக்கு ஐந்தாவது மட்டும் போதும்.

எங்களுடையது அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே விவசாயம் செய்த குடும்பம். அப்பா பிறகு லாரி வாங்கி ஜல்லி ஓட்டினார். நிலத்தில் ஒரு பகுதியை விற்று, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மனை வாங்கி வீடு கட்டினார். அந்தச் சாலையில் உள்ள ஒரு விடுதிக்குக் கல்யாண வரவேற்புக்குப் போனவர், அங்கே கோய் மீன் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். பெண் மாப்பிள்ளை பற்றியோ சாப்பாடு பற்றியோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில மாதங்களில், ஒரு மினி லாரி நிற்கும் நீள அகலத்தில், எங்கள் கொல்லையிலும் குளம் வந்துவிட்டது.

கட்டியவர் விடுதிகளுக்குத் தோட்டம் அமைப்பவர். கசங்கிய சட்டை போட்டிருந்தார். அது வேண்டுமென்றே கசக்கப்பட்ட விலையுயர்ந்த சட்டை என்று பிறகு தெரிந்தது. செருப்பில்லாமல் எங்கள் மணலில் நடந்து, காற்றை முகர்ந்து, "இந்த இடத்துல ஒரு அமைதி இருக்கு சார்" என்றார். பக்கத்து மனையில் அப்போது கான்கிரீட் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. செடி, மீன், தண்ணீர் மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும், நாம் எதையும் தொட வேண்டாம் என்றார். நான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் தண்ணீரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாவிடம் பேச்சைத் தொடர்ந்தார்.

மீன்களை யாரும் தனியாகக் கேட்டு வாங்கவில்லை. குளத்தோடு சேர்ந்து வந்தன. வந்தபிறகு அவற்றுக்குத் தீனி போட வேண்டும் என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. பார்ப்பதற்கு வாங்கிய பொருளுக்குப் பசிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அம்மாதான் போட ஆரம்பித்தாள். ஊரில் மாடு கன்று என்று காலையிலிருந்து வேலை இருந்தவள். புது வீட்டில் மாடுலர் கிச்சனையும் கிரானைட் தரையையும் துடைப்பதைத் தவிர அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மீன்கள் அவள் காலடிச் சத்தத்தைத் தெரிந்துவைத்திருந்தன. கரையில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் வைத்தால் உள்ளங்கையிலிருந்தே எடுத்துத் தின்னும். அவள் எதற்கும் பெயர் வைக்கவில்லை. "அதுங்க" என்றுதான் சொல்வாள். அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியது வெள்ளை உடம்பில் தலையில் மட்டும் சிவப்பு வட்டம் வைத்த பெரிய மீனை. அதற்குத்தான் விலை அதிகம். அம்மாவின் கையில் முதலில் வந்து நிற்பது வால் வளைந்த ஒரு சாம்பல் நிற மீன்.

காலையில் தீனி போடும் கால் மணி நேரம் அம்மா பேசும் குரல் கேட்கும். வீட்டுக்குள் அவள் அவ்வளவு பேசுவதில்லை.

தாமரை அப்பாவின் யோசனை. விடுதியில் இருந்தது, அதனால் இங்கேயும் இருக்க வேண்டும். நர்சரியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியோடு வாங்கி வந்து குளத்தின் நடுவில் இறக்கினார். தாமரை தொட்டிக்குள் அடங்கும் செடி அல்ல. கிழங்கு தொட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடியில் சேர்ந்திருந்த சேற்றில் ஓடியது. கோடை வந்ததும் இலை மேல் இலையாக எழுந்து, குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்பதே தெரியாமல் போனது. ஒரு மீன் குளத்தில் பாதிக்கு மேல் இலை மூடக்கூடாது. காற்று தண்ணீரில் கரைவது மேற்பரப்பு வழியாகத்தான். தவிர, வெளிச்சம் இல்லாத நேரத்தில் செடியும் மீனும் ஒரே பிராணவாயுவுக்குப் போட்டி போடுகின்றன. இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா ரசம் கேட்டார்.

அறுக்கலாமா என்று கேட்டபோதெல்லாம் ஒரு தடை இருந்தது. தாமரை லட்சுமி. செவ்வாய், வெள்ளியில் லட்சுமியை வெட்டக்கூடாது. அமாவாசையில் கூடாது. அஷ்டமி, நவமியில் எதுவும் தொடங்கக்கூடாது. கிருத்திகை அப்பாவுக்கு விரதம். மீதி இருந்த நாட்களில் அப்பாவுக்கு வேறு வேலை இருந்தது. அதற்குள் உறவினர் ஒருவர் வந்து பார்த்து, "இன்னாண்ணா, ஏரி மாரி கீதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அறுக்கும் பேச்சு முடிந்தது. ஏரி மாதிரி இருப்பது ஒரு பாராட்டு என்று அப்பா எடுத்துக்கொண்டார். அதில் ஒரே குறை, பூ இல்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. ஊரில் இன்னும் நெல் பயிரிடுகிறார், நன்றாகவே பயிரிடுகிறார். அவருக்குத் தெரிந்த பயிர் அது ஒன்றுதான். ஆகவே உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு நெல். எங்கள் வீட்டு முன் புல்தரையைப் பார்த்து, நாற்று கிளை விடாததைப் போல, "தூர் வுடல" என்று கவலைப்பட்டவர். பெண் வீட்டார் வரும் செய்தி கேட்டு வியாழக்கிழமையே வந்துவிட்டார். நான் வேலைக்குப் போயிருந்தேன். பூ வரவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். சித்தப்பா பார்த்த பார்வையிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: சத்து இல்லை. வண்டியில் உர மூட்டை இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வந்து பாருடி. அதுங்க ஒரு மாரியா கீதுங்க. தீனி போட்டா திரும்பிக்கூடப் பாக்கல."

பம்ப்பிலிருந்து தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே, இலைகளுக்கு நடுவில் இருந்த சின்ன இடைவெளியில், மீன்கள் நெருக்கியடித்து நின்றன. வாய் மேலே, திறந்து மூடித் திறந்து. குழாயில் தண்ணீர் விழவில்லை. அப்போதுதான் பம்ப்பின் சத்தமே இல்லை என்பது உறைத்தது. பின்சுவரில் இருந்த சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது. யாரும் தெரியாமல் போட்டுவிடக்கூடாது என்று அதன் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அக்கறையாக, இரண்டு சுற்று.

சித்தப்பா காபி டம்ளரோடு வந்தார்.

"பம்ப்பை யார் நிறுத்தினது சித்தப்பா?"

"நாந்தான். இன்னா இப்போ?"

"எதுக்கு?"

"உரம் போட்டுக்கிறேன் இல்ல? தண்ணி ஓடிக்கினு இருந்தா உரம் நிக்குமா? மடைய அடைக்காம எவனாவது மேலுரம் போடுவானா?"

வயலில் இது சரி. உரம் போடும்போது மடையைத் திறந்து வைத்தால் தண்ணீரோடு சேர்ந்து உரமும் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். எங்கள் பம்ப் தண்ணீரை எங்கும் அனுப்புவதில்லை. வடிகட்டிக்குள் எடுத்து, அதே குளத்தில் திரும்பக் கொட்டுகிறது. மீன்கள் மூச்சு விடுவது அந்தக் கொட்டலில்தான். குளம் கட்டிய அன்று சித்தப்பா அதன் பக்கத்தில் நின்று முழுக்க வேடிக்கை பார்த்தவர்.

"எவ்வளவு போட்டீங்க?"

"கையால வீசுனேன். அளந்துகினா இருப்பாங்க? கல்யாண வூடு, கம்மியா போட மனசு வருமா?"

டேப்பைக் கிழித்து பம்ப்பைப் போட்டேன். அறையிலிருந்து சோதனைப் பெட்டியை எடுத்து வந்து தண்ணீரில் அம்மோனியா பார்த்தேன்; உரம் தண்ணீரில் அதுவாகத்தான் மாறும், மீனுக்கு அது விஷம். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையானது. சித்தப்பா எட்டிப் பார்த்தார். "கக்கூஸ் தண்ணிக்கு பண்ற டெஸ்ட மீனுக்கு பண்ணிக்கினு" என்றார். அதே சோதனைதான். அந்தத் தண்ணீர் தேவலை என்று நான் சொல்லவில்லை.

அப்பா பூஜை முடித்துத் திருநீற்றோடு வந்தார். செய்ய வேண்டியதை அவரிடம் வரிசையாகச் சொன்னேன். ஒன்று, மாடித் தொட்டியிலிருந்து குழாய் போட்டு உயரத்திலிருந்து புதுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், அதே அளவுக்குப் பழையதை வெளியேற்ற வேண்டும். இரண்டு, பம்ப் நிற்கவே கூடாது. மூன்று, இன்றைக்கே இலையில் பாதியை அறுத்து வெளியே போட வேண்டும். முதல் இரண்டையும், தொலைபேசியில் கடன் அட்டை விற்கிறவனிடம் காட்டும் பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு இன்னா கெழம?" என்றார் மூன்றாவதற்கு.

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா கேக்குற? வெள்ளிக்கெழம அதுவுமா லட்சுமிய அறுத்து வெளிய கடாசுவியா? பொண்ணு வூட்டுக்காரங்க வர்ற நேரத்துல?"

"நாளைக்கு அறுக்கலாமா?"

"நாளைக்கு அறுத்தா ஞாயித்துக்கெழம மொட்டையா இருக்குமே. திங்கக்கெழம அறு. யார் வேணான்னா."

"திங்கட்கிழமைக்கு மீன் இருக்காதுப்பா."

"வேற மீன் வாங்கிக்கலாம்" என்றார்.

அம்மா கரையில் உட்கார்ந்திருந்தாள். கை தண்ணீருக்குள் இருந்தது. திரும்பி ஒருமுறை அவரைப் பார்த்தாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடித் தொட்டியிலிருந்து குழாயை இழுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அண்ணனுக்கு போன் செய்தேன். சென்னையில் இருக்கிறான், கணினி நிறுவனத்தில் வேலை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்காகத்தான். "அப்பா சொல்றதுலயும் ஒரு லாஜிக் இருக்கு, நீ சொல்றதுலயும் இருக்கு" என்றான். பிறகு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். இரண்டு பக்கமும் நியாயம் பார்க்கும் இந்தத் திறமைக்கு அவன் நிறுவனத்தில் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சித்தப்பா வழி சொன்னார்.

"அண்ணாத்த, ஏன் ரெண்டு பேரும் பேஜாரு பண்ணிக்கிறீங்க? வண்டியில களக்கொல்லி கீது. ஸ்பிரேயரும் கீது. இப்ப அடிச்சா ஞாயித்துக்கெழம வரைக்கும் பச்சையா நிக்கும். அப்பால தானா கருகிடும். கத்தியே படல. வெள்ளிக்கெழம வெட்டுனதா ஆவாது."

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பிறகு, "அது தோஷம் இல்லதான்" என்றார். லட்சுமியைக் கத்தியால் அறுப்பது பாவம், விஷம் வைப்பது பாவமில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி இந்த முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா வண்டியை நோக்கி நடந்தார். குளத்தில் உள்ள இலை மொத்தமும் செத்துத் தண்ணீரில் அழுகினால் என்ன ஆகும் என்று நான் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனில் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மருந்து அடிச்சா?"

"எல்லாம் செத்துடும்மா."

"அறுத்தா?"

"கொஞ்சம் பொழைக்கும். எவ்வளவுன்னு சொல்ல முடியாது."

"எங்க அறுக்கணும்?"

தண்ணீருக்கு மேலே, என்றேன். தாமரைத் தண்டு உள்ளே குழாய் போன்றது. தண்ணீருக்குக் கீழே அறுத்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகும். அந்த அழுகலும் மீன்களின் கணக்கில்தான் சேரும். பழைய இலைகள் முதலில், ஒன்று விட்டு ஒன்று, அறுத்ததை ஒன்றுகூடத் தண்ணீரில் விடாமல். அம்மா அவ்வளவையும் கேட்டாள். அந்தக் காலையில் நான் சொன்னதை முழுக்கக் கேட்ட ஒரே ஆள். சமையலறைக்குப் போய் வாழையிலை அறுக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

"ஏய், இன்னா பண்ற?" என்றார் அப்பா. "வெள்ளிக்கெழமடி."

"காலைல சாமிக்குப் படைக்க வாழ இல அறுத்தேனே, அப்ப எந்தக் கெழம? கீர அறுத்தேனே?"

"அது வேற."

"சரி, வேறயாவே இருக்கட்டும்" என்று சொல்லி முதல் இலையை அறுத்துக் கரையில் போட்டாள். அது அப்பாவின் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

சித்தப்பா முதுகில் ஸ்பிரேயரோடு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். குளத்துக்குள் அண்ணி நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அண்ணி, மேல வாங்க. மருந்து அடிக்கணும்."

"அடிங்க தம்பி."

"நீங்க உள்ள கீறீங்களே."

"ஆமா. கீறேன்."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். அண்ணி மேல் களைக்கொல்லி அடிப்பது தோஷமா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. சித்தப்பா கைக்குட்டையை அவிழ்த்தார். ஸ்பிரேயர் பட்டை அவருடைய வெள்ளைச் சட்டையில் பச்சையாகக் கோடு போட்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் வருத்தப்பட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நானும் இறங்கினேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. தாமரைத் தண்டில் முள் உண்டு. படங்களில் லட்சுமி எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. அம்மாவின் முழங்கைகள் கீறிச் சிவந்தன. இலைகளை விலக்க விலக்க, அடியில் செத்த மீன்கள் தெரிந்தன. அப்பா கேட்ட முதல் கேள்வி, "எது எது?" என்பது. தலையில் சிவப்பு வட்டம் வைத்ததும் அதில் ஒன்று என்றேன். அவர் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது அவர் சொல்லவில்லை.

வால் வளைந்த மீன் ஒருக்களித்துக் கிடந்தது, செவுள் அசைந்தது. அம்மா கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, அதை இரண்டு கையிலும் ஏந்தி, மாடியிலிருந்து கொட்டும் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறும் வரை நின்றாள். நடுவில் அப்பா உள்ளே போய்த் தானே தோசை வார்த்துக்கொண்டார். கருகிய வாசனை கொல்லைக்கு வந்தது.

அந்த மீன் சனிக்கிழமை செத்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பாதி அறுத்த குளத்தைக் காட்டி, "க்ளீனிங் போய்க்கினு கீது, இல்லனா முழுக்கத் தாமரதான்" என்றார் அப்பா. பெண்ணின் அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "கொசு வருமே?" என்றார். பெண்ணின் அம்மா, இங்கே போர் தண்ணீர் உப்பா என்று கேட்டாள். லட்சுமியை யாரும் விசாரிக்கவில்லை. நிச்சயம் ஆகிவிட்டது. எது நடந்திருந்தாலும் ஆகியிருக்கும்; அண்ணனின் சம்பளத்தைக் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் கிளம்பி வந்திருந்தார்கள்.

சில வாரம் கழித்துத் தாமரை பூத்தது. இலை குறைந்ததும் மிச்சம் இருந்தவற்றுக்கு வெயில் கிடைத்தது, அவ்வளவுதான். அப்பா படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். சித்தப்பா அதன் கீழே, "உரம் வேல செய்யிது" என்று எழுதினார். பதினேழு பேர் கைகூப்பினார்கள். வெட்டும் நேரத்தில் அம்மா மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருப்பாள், அதனால்தான் லட்சுமி திரும்பி வந்தாள் என்று ஒரு அத்தை எழுதினார். நான் அம்மாவிடம் கேட்டேன், மன்னிப்புக் கேட்டாயா என்று. "யார்கிட்ட?" என்றாள்.

இப்போதைய நிலை இது. குளத்தில் பாதி இலை, பாதி தண்ணீர். அம்மோனியா இறங்கிவிட்டது, அது மாறி வரும் நைட்ரைட் இன்னும் கொஞ்சம் அதிகம், தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பிழைத்த மீன்கள் நன்றாகத் தின்கின்றன. ஆனால் அம்மாவின் கைக்கு வருவதில்லை. அவள் கத்தியோடு இறங்கி அவற்றுக்கு நடுவில் கலக்கியதை அவை மறக்கவில்லை. அவள் காலடி கேட்டால் இலைக்கு அடியில் போய்விடுகின்றன. அவள் தீனியைத் தூவிவிட்டு, சமையலறை வாசல் வரை திரும்பி வந்து நிற்கிறாள். பிறகு அவை மேலே வந்து சாப்பிடுகின்றன.